கடல் இல்லாத ஊரில் ஒரு 'எம்டன்'! திண்டுக்கல் கடைத்தெருவில் போர்க்கப்பல் கட்டலாம், வாங்க!

திண்டுக்கல் என்றதும் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று யாரும் கடகடவெனச் சொல்லிவிடுவார்கள். அந்த வரிசையில் கப்பலுக்கு இடமே கிடையாது. ஊரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மலைக்கோட்டை மேல் ஏறி நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைகள், நடுவில் வெயிலில் காயும் சமவெளி. தண்ணீர் என்றால் குளமும் கண்மாயும்தான்.

ஆனால், இந்தக் கோட்டைக்கும் போர்க்கப்பலுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605-ல் எழுந்த கோட்டை இது. 1755-ல் மைசூர் அரசின் சார்பில் இங்கே பவுஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு திண்டுக்கல்லில் ஆயுதப் பட்டறை அமைத்தார். அவருடைய வளர்ச்சியே இங்கிருந்துதான் தொடங்கியது எனலாம். 1763-ல் பெத்னூரைப் பிடித்ததும் மங்களூர் கடற்கரை அவர் கைக்கு வந்தது. உடனே ஒரு கடற்படையை உருவாக்க ஆரம்பித்தார். அவர் மகன் திப்பு சுல்தான் 1796-ல் 20 பெரிய போர்க்கப்பல், 20 ஃபிரிகேட் என 40 கப்பல்களுக்குத் திட்டம் போட்டார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததோடு அந்தத் திட்டமும் போனது.

ஆக, திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி யோசிப்பது ஒன்றும் விசித்திரமில்லை. நாம் கட்டப்போவது கொஞ்சம் சின்னக் கப்பல், அவ்வளவுதான். நிஜக் கப்பலில் 200-ல் ஒரு பங்கு!

எந்தக் கப்பல்?

போர்க்கப்பல்களை அளவு மாறாமல் சின்னதாகக் கட்டிக் காட்சிக்கு வைப்பது உலகம் முழுக்க இருக்கும் பொழுதுபோக்கு. 'ஸ்கேல் மாடலிங்' என்பார்கள். இதன் தலைநகரம் என்றால் ஜப்பானின் ஷிஸுவோகா நகரம்தான். அங்கே இருக்கும் தமியா நிறுவனம் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் மாடலே ஒரு போர்க்கப்பல். 1960-ல் வந்த 'யமாட்டோ' அது. 1971-ல் அந்த ஊர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் 700-ல் ஒரு பங்கு அளவில் கொடுக்கும் 'வாட்டர்லைன்' வரிசையைத் தொடங்கின. மேசை மேல் வைத்தால் மேசையே கடல் மாதிரி தெரியும் என்பதுதான் அதன் அழகு.

நம் ஊர் ஆட்கள் யமாட்டோ கட்டலாம், ஐஎன்எஸ் விக்ராந்த் கட்டலாம். ஆனால், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்றே ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. எதிரிக் கப்பல்தான், ஆனாலும் நம் பேச்சுமொழிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. "அவன் சரியான எம்டன்பா!" என்று சொல்கிறோமே, அதே எம்டன்தான்!

1908-ல் கடலில் இறங்கிய ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்'. முதல் உலகப்போர் தொடங்கிய இரண்டாவது மாதத்தில், 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு, சென்னைக் கடலோரம் வந்து நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்த பிறகு, வந்த வேகத்தில் இருட்டுக்குள் மறைந்துவிட்டது. பயத்தில் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து எடுக்கப்பட்டு, 2006-ல் 'எம் மகன்' என்று வெளியான படத்தில் கண்டிப்பான அப்பாதான் அந்த எம்டன். கப்பல் அழிந்து 92 வருடம் கழித்தும் ஒரு தமிழ் அப்பாவுக்குப் பட்டப்பெயராக இருந்திருக்கிறது, பாருங்கள்!

கணக்கு போடலாமா?

எம்டனின் நீளம் 118.3 மீட்டர். அகலம் 13.5 மீட்டர். தண்ணீருக்குள் சுமார் 5.5 மீட்டர் இறங்கி நிற்கும். 200-ல் ஒரு பங்கு என்றால் நீளம் 59 சென்டிமீட்டர், அகலம் ஆறே முக்கால் சென்டிமீட்டர். வீட்டு அலமாரியில் வைக்கிற அளவு. கப்பலில் 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட பீரங்கிகள் பத்து இருந்தன. ஒவ்வொரு குழலும் 4.2 மீட்டர் நீளம். நம் மாடலில் 2.1 சென்டிமீட்டர். அதாவது, தலையை வெட்டிய குண்டூசி. பத்து பீரங்கிக்குப் பத்து குண்டூசி!

வெளிநாட்டு கம்பெனியின் ரெடிமேட் 'கிட்' வாங்கியும் கட்டலாம். ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் எம்டனை 350-ல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டிருக்கிறது. கட்டி முடித்தால் 34 சென்டிமீட்டர்கூட வராது. ஆனால், இறக்குமதி கிட் என்றால் பட்ஜெட் ஆயிரக்கணக்கில் எகிறும். அதனால்தான் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். திண்டுக்கல்லில் கிடைக்கும் பொருள்களை மட்டும் வைத்து ஒரு எம்டனைக் கட்ட முடியுமா?

ஜெராக்ஸ் கடையில் தொடங்கும் கப்பல்

முதல் ஸ்டாப் ஜெராக்ஸ் கடை. எம்டனின் பக்கவாட்டு வரைபடமும் மேலிருந்து பார்க்கும் வரைபடமும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை மொபைலில் காட்டி, முனையிலிருந்து முனைவரை சரியாக 59 சென்டிமீட்டர் வரும்படி பிரின்ட் எடுக்க வேண்டும். ஒரே ஏ3 தாளில் அடங்காது. இரண்டை ஒட்ட வேண்டியதுதான். "என்ன புராஜெக்ட் தம்பி, காலேஜா?" என்று கேட்டார் கடைக்காரர். "கப்பல்ண்ணே" என்றேன். ஸ்கேலை எடுத்து அவரே இன்னொரு தடவை அளந்து பார்த்துக் கொடுத்தார்.

அடுத்தது ஸ்டேஷனரி கடை. பள்ளிக் கண்காட்சிக்கு வீடு, அணை, எரிமலை எல்லாம் செய்ய வாங்கிப்போகிற அதே பொருள்கள்தான் இங்கேயும். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள ஃபோம் ஷீட், சார்ட், ஃபெவிகால், கட்டர். தெர்மாகோல் வேண்டாம். உதிரும், ராவ வராது. கப்பலின் அடிப்பாகத்துக்கு ஃபோம் ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஐந்தாறு அடுக்கு வந்தால் தண்ணீருக்குக் கீழே இருக்க வேண்டிய பகுதி முடிந்தது. மேலே போகப்போக அடுக்குகள் கொஞ்சம் அகலும், முனைகள் கூராகும். ஒட்டிக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படிக்கட்டு மாதிரி இருந்தது வழவழப்பாகிவிடும்.

புகைபோக்கிக்குச் சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொள்ளலாம். கம்பத்துக்கு ஊதுபத்திக் குச்சியைச் சீவிக்கொள்ளலாம். கம்பத்திலிருந்து கீழே வரும் கயிறுகளுக்குத் தையல் நூல் போதும். நூலை மெழுகில் ஒரு இழு இழுத்துவிட்டுக் கட்டினால் பிசிறு அடங்கும். பீரங்கிக் குண்டூசிகளும் தையல்காரரிடமே கிடைக்கும். அங்கேயே பாதிக் கப்பல் முடிந்துவிட்டது!

பிரியாணி ஊர்க்காரர்களுக்கு ஒரு சுவையான தகவல். நெப்போலியன் காலப் போர்களில் இங்கிலாந்திடம் சிக்கிய பிரெஞ்சுக் கைதிகள், சிறை முகாமில் சாப்பிட்டு மிஞ்சிய ஆட்டு, மாட்டு எலும்புகளைச் சுத்தம் செய்து, சீவி, போர்க்கப்பல் மாடல்கள் கட்டினார்கள். நார்மன் கிராஸ் முகாமில் செய்தவை பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. முகாம் வாசல் சந்தையில் அவற்றை விற்றுக் காசும் பார்த்தார்கள். கடலும் இல்லை, கடையும் இல்லை, கையில் இருந்தது எலும்பு மட்டும்தான். நம்மிடம் ஒரு கடைத்தெருவே இருக்கிறது.

பூட்டுப் பட்டறை பாடம்

நாகல் நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று பேர் மட்டும் ஊர் ஊராகப் போகிறது. பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உள்ளே ஒரு பெரியவர், வைஸில் பித்தளைத் தகட்டை இறுக்கி அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பித்தளையில சின்னதா ஒரு துண்டு வேணும்ய்யா. கப்பலோட விசிறிக்கு" என்றேன்.

"கப்பலா? கடலே இல்லாத ஊர்லயா?" என்று சிரித்தவர், கீழே கிடந்த வெட்டுத் துண்டுகளில் ஒன்றைத் தள்ளிவிட்டார். அரத்தையும் கையில் கொடுத்து, "போடு, பார்ப்போம்" என்றார்.

நான் முன்னும் பின்னும் தேய்க்க, கையைப் பிடித்து நிறுத்தினார். "முன்னால தள்ளும்போதுதான் அரம் வெட்டும். திரும்பி வரையில தூக்கிரணும். ரெண்டு பக்கமும் தேய்ச்சா அரம்தான் மழுங்கும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "பூட்டுல உள்ள ஒரு லீவர் மயிரிழை தப்புனாக்கூட சாவி சுத்தாது. நாம சரியா வேலை பார்த்தோமான்னு சாவி சொல்லிரும். உன் கப்பல்ல யாரு சொல்லுவா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால், மாடல் கட்டுகிறவர்கள் எல்லோருக்குமான கேள்வி அது. மூன்றாவது புகைபோக்கி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். யாரும் பரிசோதிக்காத இடத்திலும் அளவு சரியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் இந்தப் பொழுதுபோக்கு. இந்த ஊரின் பட்டறைகளில் அந்தப் பிடிவாதம் தலைமுறைகளாக இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆள் குறைவு. "என் பசங்க யாரும் இதுக்கு வரல" என்று சொல்லிவிட்டு, பெரியவர் மறுபடியும் தகட்டுக்குத் திரும்பிவிட்டார். கோடை லீவில் பிள்ளைகளோடு ஒரு கப்பல் கட்டப்போகிறீர்கள் என்றால், முதல்நாள் ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். அரம் பிடிப்பதை யூடியூப்பில் பார்ப்பதற்கும், கையைப் பிடித்து ஒருவர் சொல்லித்தருவதற்கும் நிறைய வித்தியாசம்.

அண்டாவில் வெள்ளோட்டம்

கட்டிய கப்பல் சரியாக மிதக்க வேண்டாமா? இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத கணக்கு வருகிறது. எம்டன் முழுச் சுமையோடு இருக்கும்போது எடை சுமார் 4,268 டன். 200-ல் ஒரு பங்கு மாடல் என்பதால் எடையையும் 200-ஆல் வகுத்தால் 21 டன் வரும். மாடியே இடிந்துவிடும்! நீளம், அகலம், உயரம் மூன்றுமே 200 மடங்கு சுருங்குவதால், 200-ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும். அதாவது 80 லட்சத்தால். விடை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சுமார் 530 கிராம். 350-ல் ஒரு பங்கு மாடலுக்கு இன்னும் வேடிக்கை. வெறும் 100 கிராம்!

2022 செப்டம்பர் 2-ம் தேதி கொச்சியில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்த்தின் நீளம் 262 மீட்டர், எடை சுமார் 45,000 டன். அதை 350-ல் ஒரு பங்காகக் கட்டினால் 75 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கிலோ சொச்சம்தான் வரும்.

ஃபோம் கப்பல் லேசானது. அப்படியே விட்டால் தக்கை மாதிரி மேலே மிதந்து, காற்றடித்தால் கவிழ்ந்துவிடும். 530 கிராம் வரும்வரை அடியில், நடுக்கோட்டை ஒட்டி, ஆணி, நட்டு, இரும்புத் துண்டுகளை வைத்து ஒட்ட வேண்டும். தண்ணீர் புகாமல் பெயின்ட்டை இரண்டு மூன்று கோட்டிங் கொடுக்க வேண்டும். பிறகு வெள்ளோட்டம். கண்மாயைத் தேடிப் போக வேண்டாம். திண்டுக்கல்லில் பிரியாணி அண்டாவுக்கா பஞ்சம்? கல்யாண அண்டா ஒன்றில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார்க்கலாம். நாம் வரைந்த கோடும் தண்ணீர் மட்டமும் ஒன்றாக நின்றால், நம் சாவி சுற்றிவிட்டது என்று அர்த்தம்!

இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படையில் சேர்ந்த, கயிறால் தைத்த பாய்மரக் கப்பல் 'கௌண்டின்யா'வை முதலில் சின்ன மாடலாகத்தான் தண்ணீரில் சோதித்தார்கள். சோதித்த இடம், நம் சென்னை ஐஐடி-யின் கடல்சார் பொறியியல் துறை.

மூன்று புகைபோக்கியா, நான்கா?

இனி பெயின்ட். இங்கே கையைவிட மூளைக்குத்தான் வேலை அதிகம். போருக்கு முன்பு எம்டன் பளீர் வெள்ளையில் இருந்தது. புகைபோக்கி மஞ்சள். 'கிழக்கின் அன்னம்' என்று செல்லப் பெயர்கூட உண்டு. போர் வந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. நிஜத்தில் இருந்தது மூன்று புகைபோக்கி. ஆனால், நான்கு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிவதற்காக, நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை எழுப்பினார்கள். 1914 அக்டோபர் 28-ம் தேதி விடியற்காலையில் அந்த வேஷத்தோடுதான் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யக் கப்பல் 'ஜெம்சுக்'கை மூழ்கடித்தது. எம்டன் என்றால் ஏமாற்றுக்காரன் என்ற அர்த்தம் சும்மா வரவில்லை.

வெள்ளைக் கப்பல் கட்டினால் அது சமாதான கால எம்டன். சாம்பலில் நான்கு புகைபோக்கி என்றால் பினாங்கு எம்டன். ஒரு மாடல் ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். அந்தத் தேதியை முடிவு செய்யாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

தேதியை முடிவு செய்யும்போது இன்னொரு விஷயமும் கூடவே வருகிறது. சென்னையில் அந்த இரவில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' எம்டனை அடித்து நொறுக்கியபோது, எம்டனில் இருந்த 130-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 200-ல் ஒரு பங்கு என்றால் ஒரு மனிதன் எட்டரை மில்லிமீட்டர். ஒரு கொத்தமல்லி விதையைவிட உயரம். மாடலில் பெரும்பாலானவர்கள் ஆட்களை வைப்பதில்லை. அதனால் போர்க்கப்பல் மாடல்கள் எல்லாமே ரொம்ப அழகாக, ரொம்ப சுத்தமாக இருந்துவிடுகின்றன.

என் யோசனை இதுதான். மேல்தளத்தில் நாலு பேரையாவது நிற்க வையுங்கள். குண்டூசியின் வெட்டிய துண்டில் ஒரு துளி ஃபெவிகால் வைத்தாலே ஒரு தலை வந்துவிடும். அந்த நாலு பேர் நின்றதும் அளவு புரியும். பீரங்கி எவ்வளவு பெரியது, அதன் எதிரே மனிதன் எவ்வளவு சின்னவன் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

எங்கே வைப்பது?

திண்டுக்கல் சமவெளிக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெயில், இன்னொன்று தூசி. தகரக் கூரை அறையில் சித்திரை மாதம் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஆடிக் காற்றில் ஜன்னலோரம் வைத்தால் ஒரே வாரத்தில் கப்பல் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். நூல்கள் மேல் படிந்த தூசியைத் துடைக்கவும் முடியாது. கண்ணாடிப் பெட்டிதான் ஒரே வழி. மீன் தொட்டி செய்யும் கடையில் இரண்டரை அடியில் ஒரு தொட்டி சொல்லிக் கவிழ்த்துப் போட்டால் போதும். இரண்டு அடி வாங்கிவிடாதீர்கள். 59 சென்டிமீட்டர் கப்பலுக்கு மூச்சு முட்டும்.

காட்சிக்கு வைக்கும் கலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொலுப்படிக்குக் கீழே பார்க்கும் ரயிலும் அணையும் வைத்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. இந்த நவராத்திரிக்கு ஒரு துறைமுகம் வைத்துப் பாருங்களேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, எடை எப்படி 80 லட்சத்தால் வகுபடுகிறது என்று ஒரு சார்ட்டும் சேர்த்து வைத்தால், அது கணக்கு வகுப்பாகவே ஆகிவிடும். கல்லூரி, பள்ளியில் என்சிசி-யின் கடற்படைப் பிரிவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம். அவர்களுடைய அகில இந்திய 'நௌ சைனிக்' முகாமில் கப்பல் மாடல் கட்டுவதே ஒரு போட்டி!

ஒரே ஒரு எச்சரிக்கை. கட்டர், ஃபெவிகுயிக், ஸ்பிரே பெயின்ட் மூன்றும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். ஸ்பிரே அடிப்பது மொட்டை மாடியில், மாஸ்க்கோடு.

கடைசியாக, பெட்டியின் முன்னால் ஒரு சின்ன அட்டை. 'எஸ்எம்எஸ் எம்டன், 1:200' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே இரண்டு வரி சேருங்கள். '1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு வீசியது. குறைந்தது ஐந்து பேர் இறந்தனர். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகள் அருகே அழிந்தது. இதன் மாலுமிகளில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.' கொலு பார்க்க வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை முதலில் கப்பலைத்தான் பார்க்கும். பிறகு அட்டையைப் படித்துவிட்டு, "இதுதானா அந்த எம்டன்?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்!